கை கற்கும் கல்வி

கல்லூரித் தாய்க்கு விழா எடுக்கும் இந்நன்னாளில் மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டுக்கொண்டனர். பழைய மாணவர் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் கற்பித்த ஆசிரியப் பெருந்தகைகளையும், வென்ற துடுப்பாட்டப் போட்டிகளையும், விடுதிச் சாப்பாட்டையும் நினைவுகூர்வனவாய் அமைதல் வழக்கம். அவை எமக்கும் இனியனவே; ஆயினும் அவற்றை எம்மினும் நன்கு எழுதவல்லார் பலர் உளர். ஆதலின் நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொள்கின்றோம்.

கல்லூரியிலே எமது தலை கற்றவற்றுட் பெரும்பகுதி இன்று எம்மை விட்டு நீங்கிவிட்டது. அட்சரகணிதச் சூத்திரங்கள் போயின. பரீட்சைக்காக நெட்டுருப் பண்ணிய ஆண்டுகளும் பெயர்களும் போயின. ஆனால் கையும் காலும் கற்றவை அவ்வாறு போகவில்லை. எழுபதை அண்மித்த வயதிலே, பல்லாண்டு கழிந்தபின் துவிச்சக்கர வண்டியில் ஏறியபோது கால் தானே மிதித்தது. மரவேலை அறையிற் பழகிய உளியை எடுத்தபோது கை அதன் சாய்வை அறிந்து பிடித்தது. இக் கல்வி கைக்கு எவ்வாறு வந்தது? கற்பித்தவர் யார்? இவ்வினாக்களுக்கு அறிவியலார் கண்ட விடைகளைச் சுருக்கிக் கூறி, அவை எம் போன்ற முதியோருக்கும் கல்லூரியின் இளையோருக்கும் எவ்வாறு பயன்படும் என்பதைச் சொல்லுதலே இக் கட்டுரையின் நோக்கமாகும்.

எம்மவர் எல்லோர்க்கும் முதற் கல்வி ஏடு தொடக்குதலோடு தொடங்குகின்றது. விசயதசமி நாளிலே தாம்பாளத்திற் பரப்பிய அரிசியில் ஆசிரியர் எமது சுட்டுவிரலைப் பற்றி அகரத்தை எழுதுவித்தார். அன்று எழுதியது ஆசிரியரின் கை. எமது விரல் அதனுடன் சென்றது, அவ்வளவே. எமது கை எழுதக் கற்றது அதன் பின்னர், மணலிலேதான். சுழி பெருத்தது; வளைவு கோணியது; கால் நீண்டது. அழித்தோம், மீண்டும் எழுதினோம். மணலுக்கு ஒரு நற்குணம் உண்டு. அது எழுதியதை உடனே காட்டும். கையால் ஒருமுறை தடவினால் உடனே மறக்கும். குழந்தையின் கைக்கு அதனினும் பொறுமையான ஆசான் கிடைப்பது அரிது.

துவிச்சக்கர வண்டி ஓடப் பழகிய நாள்களையும் நினைத்துப் பார்க்கலாம். வண்டி இடப்புறம் சாயும்போது கைபிடியையும் இடப்புறமே சற்றுத் திருப்பினால்தான் சக்கரங்கள் உடலின் கீழ் வந்து அதனைத் தாங்கும். இவ்வுண்மையை வண்டி ஓடுவோர் எல்லோருடைய கைகளும் அறியும். வாய் திறந்து சொல்லத்தக்கவரோ மிகச் சிலர். எமது தமையனார் பின்னால் ஓடிவந்து பல அறிவுரைகள் சொன்னார். அவற்றுள் இவ்வொன்று இருந்ததில்லை. அவருக்கும் அது சொல்லாகத் தெரியாது. சொல்லித் தர இயலாத ஒன்றை நாம் கற்றோமாயின், அதனை எமக்குச் சொன்னது எது?

இவ்வினாவைச் சோதனைக்கு உட்படுத்தியோருள் முன்னின்றவர் எட்வேட் தோர்ண்டைக் என்னும் அமெரிக்கர். அவர் பசித்த பூனைகளை மரச் சட்டங்களால் ஆன பெட்டிகளில் அடைத்து, வெளியே உணவை வைத்தார். கயிற்று வளையத்தை இழுத்தாலோ நெம்பை அழுத்தினாலோ கதவு திறக்கும். பூனை பிறாண்டும், கடிக்கும், சட்டங்களுக்கிடையே நுழைய முயலும். அம்முயற்சிகளுள் ஒன்று தற்செயலாக வளையத்திற் படக் கதவு திறக்கும். மீண்டும் மீண்டும் அடைத்தபோது வெளிவருவதற்கு எடுத்த நேரம் குறைந்துகொண்டு வந்தது. ஆனால் திடீரென உண்மை விளங்கியதுபோல ஒரேயடியாகக் குறையவில்லை. ஏறியிறங்கி மெல்ல மெல்லவே குறைந்தது. பயன் தந்த அசைவு நிலைக்கின்றது, பயன் தராதது தேய்கின்றது என்பதே 1898ஆம் ஆண்டில் வெளியான அவ்வாராய்ச்சியிலிருந்து அவர் கண்ட முடிபு. முயன்று தவறிக் கற்றல் என நாம் வழங்கும் கருத்து இவ்வாறு அளந்து காட்டப்பட்டது.

பூனைக்குப் பொருந்துவது மனிதருக்கும் பொருந்துமோ என ஐயுறலாம். மனிதர் நினைத்து, ஆராய்ந்து, நினைவில் வைத்துக் கற்பவர் அல்லரோ? இவ்வையத்தை நீக்கியவர் ஹென்றி மொலேசன் என்னும் அமெரிக்கர். கடுமையான வலிப்பு நோயினால் வருந்திய அவருக்கு 1953ஆம் ஆண்டில், தம் இருபத்தேழாம் வயதில், மூளையின் இருபுறத்தும் பொட்டுப் பகுதியின் உட்பாகங்கள் சத்திர சிகிச்சையால் அகற்றப்பட்டன. வலிப்புக் குறைந்தது, ஆனால் அன்றுமுதல் புதிய நிகழ்ச்சி எதனையும் நினைவில் இருத்தும் ஆற்றல் அவரிடம் இல்லாமற் போயிற்று. 2008ஆம் ஆண்டில் இறக்கும் வரையும் அவர் நிலை அதுவே. தம்மைப் பல்லாண்டு பரிசோதித்தவரையும் ஒவ்வொரு நாளும் புதியவராகவே கண்டார்.

மொன்றியல் நகர அறிஞர் பிரெண்டா மில்னர் அம்மையார் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். இரட்டைக் கோட்டால் வரைந்த நட்சத்திரம் ஒன்றை, கையை நேரே பாராமல் கண்ணாடியிற் தெரியும் விம்பத்தை மட்டும் பார்த்து, இரு கோடுகளுக்கிடையே பென்சிலால் வரைய வேண்டும். முன்பின்னாகத் தெரியும் விம்பத்தை நம்பிக் கை அசையும்போது எவரும் முதலில் தடுமாறுவர். மொலேசனும் தடுமாறினார். ஆனால் மூன்று நாள்களில் அவருடைய பிழைகள் குறைந்து, கோடு நேராயிற்று. ஒவ்வொரு நாளும் இவ்வேலையைத் தாம் முன்னர் ஒருபோதும் செய்ததில்லை என்றே அவர் எண்ணினார். 1962ஆம் ஆண்டில் மில்னர் அறிவித்த இச் செய்தி, கை கற்பதும் நினைவில் இருத்துவதும் மூளையின் வேறுவேறு தொழில்கள் என்பதை உலகுக்கு உணர்த்தியது. மொலேசனின் கை கற்றது. அவர் கற்றதை அவர் அறியவில்லை.

அவ்வாறாயின் கை கற்பது மூளையின் எப்பகுதியில்? அது ஓரிடத்தில் மட்டும் நிகழ்வதன்று. எனினும் தலையாய இடம் பிடரிப் பக்கத்திலே பெருமூளையின் கீழ் மடிந்து கிடக்கும் சிறுமூளையாகும். மூளி என்று எமது பாடநூல்கள் கூறுவதும் அதனையே. எடையில் மூளையின் பத்தில் ஒரு பங்கே ஆயினும், மனித மூளையிலுள்ள ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்களுள் ஏறத்தாழ 6,900 கோடி அங்கேயே உள்ளன. முதலாம் உலகப் போரிலே தலையிற் குண்டு பட்ட வீரர்களைப் பரிசோதித்த கோர்டன் ஹோம்ஸ் என்னும் மருத்துவர், சிறுமூளை சிதைந்தோரின் கை ஒரு பொருளைத் தொட நீளுகையில் இலக்கைத் தாண்டியோ எட்டாமலோ நின்று நடுங்குவதை விரிவாக எழுதினார். அவர்களது தசை முற்றும் செயலிழக்கவில்லை, அளவே தவறியது.

அளவு தவறாமல் இருப்பதற்கு மூளை பிழையையே பயன்படுத்துகின்றது என்பதை எளிய சோதனை ஒன்று காட்டும். காட்சியை ஒரு புறமாக நகர்த்தும் அரியக் கண்ணாடியை அணிந்துகொண்டு ஒரு புள்ளியை விரலால் தொட முயன்றால் விரல் ஒரு பக்கம் தள்ளிப் போகும். பல முறை முயல, விரல் சரியான இடத்துக்கு வந்துவிடும். இப்பொழுது கண்ணாடியைக் கழற்றி மீண்டும் தொடச் சொன்னால், விரல் மறுபக்கம் தள்ளிப் போகும்! கண்ணாடி இல்லை என்பது எமக்கு நன்றாகத் தெரிந்தும் கை புதிய கணக்கையே பின்பற்றுகின்றது. சில முயற்சிகளின் பின் அதுவும் திருந்தும். சிறுமூளை நோயுற்றோருட் பலரிடம் இத் திருத்தம் நிகழ்வதில்லை. எத்தனை முறை தவறினும் விரல் அதே பக்கமே செல்லும். பிழை செய்தல் அவர்க்கும் எமக்கும் பொது. பிழையினின்று கற்றலே அவர்க்கு இல்லாமற் போயிற்று.

சிறுமூளையின் மேற்பரப்பிலே பேர்க்கிஞ்சிக் கலங்கள் என்னும் பெரிய நரம்புக்கலங்கள் வரிசையாக உள்ளன. ஒவ்வொன்றும் கிளை விரித்த மரம்போல நின்று, ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட மெல்லிய நார்களிலிருந்து செய்தி பெறுகின்றது. இவை உடலின் நிலையையும் செய்ய எண்ணிய அசைவையும் பற்றிய செய்திகள். இவற்றோடு தனியான நார் ஒன்றும், மரத்தைப் பற்றிப் படரும் கொடிபோல அக் கலத்தைச் சுற்றி ஏறுகின்றது. அவ்வொற்றை நாரே பிழைச் செய்தியைக் கொண்டுவருகின்றது என 1969ஆம் ஆண்டில் டேவிட் மார் என்பவரும், 1971ஆம் ஆண்டில் ஜேம்ஸ் அல்பஸ் என்பவரும் கருத்துரைத்தனர். அசைவு தவறும்போது அந்நார் கலத்தை எழுப்புகின்றது. அவ்வேளை செயற்பட்ட மெல்லிய நார்களின் வலிமை மாறுகின்றது என்பது அல்பஸ் கொண்ட விளக்கம். யப்பானிய அறிஞர் மசாவோ இற்றோவும் அவர்தம் துணைவரும் 1982ஆம் ஆண்டில் முயல்களின் சிறுமூளையில் இத்தகைய வலிமைக் குறைவை ஆய்ந்து காட்டினர். வேறு வழிகளும் உள்ளன எனப் பிற்கால ஆய்வுகள் கண்டன. எனினும் அடிப்படை ஒன்றே: பிழை எனும் செய்தி மூளைக்கு எட்டினால் அன்றிச் சிறுமூளை தன்னைத் திருத்திக்கொள்வதில்லை.

பிழையின் அளவையும் திசையையும் கூறும் இச் செய்தியோடு, மூளையில் வேறொரு செய்தியும் உண்டு. ஷுல்ற்ஸ் என்னும் அறிஞரும் அவரொடு சேர்ந்தோரும் 1997ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் நரம்புக்கலங்களைப் பற்றியது. குரங்குக்கு எதிர்பாராத வேளையிற் பழச்சாறு ஒரு துளி கிடைத்தால் அக் கலங்கள் துடித்தெழும். எதிர்பார்த்தபடியே கிடைத்தால் வாளா இருக்கும். எதிர்பார்த்தது கிடையாதொழிந்தால் வழக்கமான துடிப்பும் அடங்கும். அஃதாவது இச் செய்தி பயனை அளப்பதில்லை. எண்ணியதற்கும் எய்தியதற்கும் உள்ள வேறுபாட்டையே அளக்கின்றது. தோர்ண்டைக்கின் பூனைக்குள்ளே நடந்தது இதுபோன்ற ஒன்றே எனலாம்.

இவ்விடத்திலே ஒரு தடை எழலாம். கற்றல் என்பது சரியான அசைவு ஒன்றைக் கண்டுபிடித்து அதனையே மாறாமற் செய்தலன்றோ என்பது அத் தடை. ரஷ்ய அறிஞர் நிக்கொலாய் பேர்ன்ஸ்ரைன் 1920களில் மொஸ்கோ நகரிலே, உளியின் தலையிற் சுத்தியலால் அடிக்கும் கைதேர்ந்த தொழிலாளரைப் படம்பிடித்து ஆராய்ந்தார். சுத்தியல் ஒவ்வொரு முறையும் பட வேண்டிய இடத்திலே பட்டது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒருமுறை சென்ற வழியே மறுமுறை செல்லவில்லை. ஒரு மூட்டு சற்று விலகினால் மற்றொன்று அதனை ஈடுசெய்தது. திறமை பெற்ற கை ஒரே விடையைத் திரும்பச் சொல்வதில்லை; ஒரே கணக்கை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்க்கின்றது. எமது ஊர்க் கொல்லர் பட்டறையின் வாயிலில் நின்று பார்த்தவர் எவரும் இதனைக் கண்டிருப்பர். பார்த்ததன் பொருளைச் சொல்ல ஒரு பேர்ன்ஸ்ரைன் வேண்டியிருந்தது.

கற்போர் மனம் தளரும் ஓரிடத்தையும் சொல்லல் வேண்டும். தந்திச் செய்திகளைக் கேட்டெழுதப் பழகுவோரை ஆராய்ந்த பிரையன், ஹாட்டர் என்னும் இருவர், பழகுநரின் வேகம் சில காலம் ஏறிப் பின்னர் வாரக்கணக்கில் அசையாது நின்று மீண்டும் ஏறுவதை 1897ஆம் ஆண்டில் எழுதினர். எழுத்தெழுத்தாகக் கேட்ட செவி சொற்களாகக் கேட்கப் பழகும் இடைக்காலம் அது என்பது அவர் விளக்கம். இத் தேக்கம் எல்லோரிடமும் காணப்படுவதில்லை என்று பின்வந்தோர் சிலர் கூறினர். எமது சங்கீத ஆசிரியர் இவ்வாராய்ச்சியை அறியார். ஆனால் மிருதங்கத்திலே ஒரு சொற்கட்டு மாதக்கணக்கில் விரலுக்கு வராத மாணவனிடம், "வராத நாளிலும் விரல் படித்துக்கொண்டுதான் இருக்கும், விடாதே தம்பி" என்பார்.

அவ்வுரையின் மெய்ம்மையை நாம் முதுமையிலே அறிய நேர்ந்தது. மூன்றாண்டுகளின் முன் எம்மைப் பாரிசவாதம் பற்றியது. வலக்கை மடியிலே கிடந்த பிறர் பொருள் போலாயிற்று. சில வாரங்களில் விரல்களிலே சிறிது அசைவு திரும்பியது. ஆயினும் எதற்கும் இடக்கையே முந்திச் சென்றமையால் வலக்கைக்கு வேலை இல்லாமற் போயிற்று. எமக்கு வாய்த்த இயன்மருத்துவர் எம் பேர்த்தியின் வயதினர். அவர் எமது இடக்கையைத் தடித்த துணி உறை ஒன்றுக்குள் இட்டுக் கட்டி, மேசையிலே புளியங்கொட்டைகளைப் பரப்பி, அவற்றை வலக்கையால் ஒவ்வொன்றாய் எடுத்துச் சிரட்டையில் இடுமாறு சொன்னார். கொட்டை வழுக்கியது, சிரட்டை கவிழ்ந்தது. பொறுக்கித் தர எம் மனைவியார் குனிந்தபோது மருத்துவர் தடுத்தார். "விழட்டும் அம்மா. விழ விழத்தான் கை படிக்கும். ஐயா, திரும்ப எடுங்கோ" என்றார்.

அம்முறையை வகுத்தவர் எட்வேட் ரோப் என்னும் அமெரிக்கர். நோயுற்ற கையைப் பயன்படுத்த முயன்று தோற்றவர் அதனைப் பயன்படுத்தாமலிருக்கவே கற்றுக்கொள்கின்றனர் என்பது அவர் கண்ட உண்மை. நல்ல கையைக் கட்டிவைத்தால் நோயுற்ற கை முயலும், முயன்றால் தவறும், தவறினால் கற்கும். சிறிதேனும் அசைவு எஞ்சிய 222 நோயாளரிடம் நடத்திய ஆய்வொன்று 2006ஆம் ஆண்டில் வெளிவந்தது. இரு வாரம் இவ்வாறு பயின்றோரின் கை, வழமையான பராமரிப்பு மட்டும் பெற்றோரின் கையினும் நன்கு செயற்பட்டதையும், அந்நன்மை ஓராண்டின் பின்னும் நிலைத்ததையும் அது காட்டிற்று.

எமது கை இன்று சட்டைப் பொத்தானைப் பூட்டும், சோற்றைப் பிசையும், எழுதும். எழுத்து முன்போல் அழகியதன்று. மிருதங்கத்தை உறையிலிட்டுப் பேரனிடம் கொடுத்துவிட்டோம். அவ்விரைவு இனி எம் விரல்களுக்கு வராது. ஆயினும் இக் கட்டுரை முழுவதும் எமது வலக்கையினாலேயே எழுதப்பட்டது என்பதைச் சற்று மகிழ்ச்சியுடன் இங்கே குறித்துக்கொள்கின்றோம்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று எம்மவர் கேட்பர். இளமையிற் கற்றல் எளிது என்பதை மறுப்பார் இலர். ஆயினும் வினாவுக்கு இன்று ஒரு விடை உண்டு. மூன்று பந்துகளை மாறிமாறி எறிந்து பிடிக்கும் வித்தையை மூன்று மாதம் பழகிய இளைஞரின் மூளையிலே, அசையும் பொருளைக் காண்பதற்குரிய பகுதி சற்றுத் தடித்தமையை யேர்மனிய ஆய்வாளர் 2004ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பழக்கத்தை விட்டபின் அது குறைந்தது. 2008ஆம் ஆண்டில் அவ்வித்தையையே அறுபது வயதை ஒட்டியோரிடம் சோதித்தனர். இளைஞர் அளவுக்குத் திறமை பெற்றோர் அவருட் குறைவே. ஆயினும் பழகியவரின் மூளையிலும் மாற்றம் காணப்பட்டது. அறுபதிலும் வளையும், மெல்ல வளையும்.

இனி, கல்லூரியில் இன்று கற்பிப்போரிடம் ஒரு சொல். நாம் இக் கல்லூரிக்கு வருமுன் கற்ற ஒரு சிறிய பாடசாலையிலே, எழுத்துக் கோணினால் அடிமட்டத்தால் விரல் மொழியில் அடிக்கும் ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவர் வகுப்பிலே பிழைகள் குறைவு. ஏனெனில் எழுதுவதே குறைவு. பிள்ளைகள் பென்சிலை இறுகப் பற்றி, ஒரு வரியை எழுதிவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பர். இங்கே வந்தபின் எம்மை ஏற்ற மரவேலை ஆசிரியரோ, முதற் தவணை முழுவதும் கழிவுப் பலகைகளையே எம்மிடம் கொடுத்தார். "இது பிழைவிடுவதற்கு என்றே வைத்த பலகை" என்பார். வெட்டிய பொருத்து இளகியபோது அவர் திருத்தித் தரவில்லை. இரு துண்டுகளையும் எம் கையிலே தந்து, எங்கே இளகுகின்றது என்று எம்மையே தேடச் செய்தார்.

அவர் செய்தது சரியே என்பதற்குச் சான்றுகள் உள. 1978ஆம் ஆண்டில் கேர், பூத் என்னும் இருவர், எட்டு வயதுப் பிள்ளைகளிடம் சிறு பைகளை இலக்கை நோக்கி எறியச் சொன்னார்கள். ஒரு சாரார் 3 அடித் தூரத்திலேயே பழகினர். மறு சாரார் 2 அடியிலும் 4 அடியிலும் பழகினர். ஈற்றில் 3 அடியிலே சோதித்தபோது, அத் தூரத்திற் பழகாத பிள்ளைகளே மேம்பட்டு நின்றனர்! மேலும், ஒவ்வொரு முயற்சியின் பின்னும் பிழையை எடுத்துச் சொல்வதினும், இடையிடையே சொல்லி மற்றவற்றைக் கற்போர் தாமே உணர விடுவது, நாட்கழிந்து சோதிக்கையிற் கூடிய பயன் தந்தமையை 1990ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. ஏடு தொடக்கும் ஆசிரியர் விரலைப் பற்றுவது வேண்டியதே. உரிய வேளையில் விடுவதும் வேண்டியதே.

இதனாற் பிழை எல்லாம் நன்று என்பது எமது கருத்தன்று. காணப்படாத பிழை கற்பிப்பதில்லை. கவனியாமல் நூறு முறை செய்த பிழை பழக்கமாகிவிடும். சத்திர வைத்தியர் நோயாளியின் உடலிலும், சாரதி நெடுஞ்சாலையிலும் பிழைவிட்டுப் பழகலாகாது. ஆதலினாலேயே பிழைவிடுவதற்கென ஓரிடம் மனிதர்க்கு வேண்டியிருக்கின்றது. அங்கே பிழை சிறிதாய் இருக்கும், உடனே தெரியும், ஒருவருக்கும் தீங்கு செய்யாது, மறுமுறை முயல நேரம் இருக்கும். அவ்விடத்தின் பெயரே பாடசாலை.

இந்நாளிலே பரீட்சைப் புள்ளிகளுக்காக விளையாட்டு நேரமும் சங்கீத நேரமும் மரவேலை நேரமும் சுருங்கிவருவதாகக் கேள்விப்படுகின்றோம். பெற்றோரும் அதனையே விரும்புகின்றனர் போலும். தலை கற்பதைச் சோதிக்கப் பரீட்சைகள் பல உண்டு. கை கற்பதைச் சோதிப்பது வாழ்நாள். மைதானத்தையும் பட்டறையையும் வாத்திய அறையையும் பிள்ளைகளுக்குக் குறையாமல் வைத்திருப்பது கல்லூரிக்கு நாம் செய்யத்தக்க நற்றொண்டு. பழைய மாணவர் சங்கத்தார் விழா நினைவாக ஏதேனும் அமைக்க எண்ணின், மரவேலை அறைக்குப் புதிய கருவிகளும், அவற்றோடு நிறையக் கழிவுப் பலகைகளும் வாங்கித் தருமாறு வேண்டுகின்றோம்.

எமது கைகளுக்குப் பிழைவிட இடந் தந்த கல்லூரித் தாய் நீடூழி வாழ்க!